பகலில் கோட், இரவில் அனிமே, கதை எப்போது? விடக்கூடாத சில பிழைகள்

யாழ்ப்பாணத்தில் மென்பொருள் வேலை பார்த்துக்கொண்டே கதை எழுதுகிறவர்களோடு கதைத்துப் பாருங்கள். பத்து நிமிடத்துக்குள் அனிமே, மங்கா, கேம், சூப்பர் ஹீரோ என்று ஏதாவது ஒன்று பேச்சுக்குள் வந்துவிடும், முகமும் மலர்ந்துவிடும். எனக்கு இந்தக் கூட்டத்தை மிகவும் பிடிக்கும். ஆனால் கடைசியாக எழுதி முடித்த கதை எது என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: நேரமில்லை.

நேரம் குறைவு என்பது உண்மை. ஆனாலும் இன்னொன்றையும் கவனியுங்கள். வேலையை ரீம் லீட் கேட்பார், புது எபிசோட் வரும் நாள் எல்லோருக்கும் தெரியும், கேம் விளையாட நண்பர்கள் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். கதையை மட்டும் ஒருவரும் கேட்க மாட்டார்கள். அதனால் நெருக்கடி வந்தவுடன் முதலில் கைவிடப்படுவது அதுதான். கீழே சொல்லும் பிழைகளில் பெரும்பாலானவை இதிலிருந்து கிளைப்பவை.

எல்லோரும் விடும் பிழை, எழுத்தை "வேலை முடிந்த பிறகு" என்று ஒதுக்கி வைப்பது. வேலை எப்போது முடிகிறது என்பதை நீங்கள் தீர்மானிப்பதில்லை, உங்கள் வாடிக்கையாளர் இருக்கும் நாட்டின் கடிகாரம் தீர்மானிக்கிறது. லண்டன் கோடையில் எங்களைவிட நாலரை மணித்தியாலம் பின்னால், குளிர்காலத்தில் ஐந்தரை. அவர்களின் காலை 9.30 ஸ்டாண்டப் (ரீமின் தினசரிக் குறுங்கூட்டம்) எங்களுக்குப் பிற்பகல் 2 மணி, ஒக்ரோபர் கடைசி ஞாயிறுக்குப் பிறகு 3 மணி. நியூயோர்க் என்றால் அதே 9.30 எங்களுக்கு இரவு 7 அல்லது 8. சிட்னிக்காரரோடு வேலை என்றால் விடியற்காலை 5, சில மாதங்களில் 4. ஆகவே "அதிகாலையில் எழுந்து எழுதுங்கள்" என்ற பொதுப் புத்திமதியைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்க வேண்டாம். லண்டன் ரீம் என்றால் காலை உங்களுடையது, அதை மின்னஞ்சல் பார்த்துக் கெடுக்காதீர்கள். நியூயோர்க் என்றால் இரவை மறந்துவிடுங்கள், மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் எழுதுங்கள். சிட்னி என்றால் பின்னேரம். மணி மாறும் மாதங்களில் எழுதும் நேரத்தையும் கையோடு மாற்றி வையுங்கள், இல்லாவிட்டால் மீற்றிங் ஒரு மணித்தியாலம் நகர்ந்து வந்து கதையின் இடத்தில் உட்கார்ந்துவிடும். முக்கால் மணித்தியாலம் போதும், ஆனால் தலை களைக்காத முக்கால் மணித்தியாலமாக இருக்க வேண்டும்.

பௌர்ணமிப் போயா நாளையும் சொல்ல வேண்டும். மாதத்துக்கு ஒன்று, ஊர் முழுக்க விடுமுறை, ஆனால் வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு அது சாதாரண வேலைநாள். லப்ரொப்பைத் திறந்தால் செய்தி வந்து குவிந்திருக்கும். அன்று காலை திறக்காதீர்கள், அவ்வளவுதான்.

அடுத்தது கோட் எழுதுகிறவர்களுக்கே உரிய பிழை: கதையை எழுதாமல், கதை எழுதும் கருவியைக் கட்டிக்கொண்டிருப்பது. பாத்திரங்களுக்கு ஒரு டேட்டாபேஸ், காலவரிசைக்கு ஒரு வரைபடம், அத்தியாயத்துக்கு ஒரு ரிக்கெற் (வேலைச் சீட்டு). செய்யும்போது வேலை நகர்வது போலவே இருக்கும், ஏனென்றால் அலுவலகத்தில் இப்படித்தான் நகர்கிறது. ஒரு வெறும் ஃபைல் போதும். கோட் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் (Git) தெரிந்தவர்கள் அதில் போட்டு வையுங்கள், அது வரிவரியாக ஒப்பிடுவதால் ஒரு வாக்கியத்தை ஒரு வரியாக எழுதினால் எதை மாற்றினீர்கள் என்பது துல்லியமாகத் தெரியும்.

கருவி விஷயத்தில் மினக்கெட வேண்டியது யூனிகோடுக்கு மட்டும்தான். எங்கள் பக்கத்தில் இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் ரைப் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். பாமினியில் கணினி சேமிப்பது ஆங்கில எழுத்துகளை, எழுத்துருதான் அவற்றைத் தமிழாகக் காட்டுகிறது. அந்த எழுத்துரு இல்லாத கைபேசியில் திறந்தால் உங்கள் நாவல் பொருளில்லாத எழுத்துக் குவியலாகத் தெரியும், தமிழில் தேடவும் முடியாது. யூனிகோடிலும் ஒரு நுணுக்கம் உண்டு. "கொக்குவில்" என்ற சொல்லின் முதலெழுத்தில் உள்ள கொம்பும் காலும் சேர்ந்து ஒரே குறியீடாகச் சேமிக்கப்படலாம், தனித்தனியாக இரண்டு குறியீடுகளாகவும் சேமிக்கப்படலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், சில மென்பொருள்களின் தேடலுக்கு வேறு வேறு. பல இடங்களிலிருந்து வெட்டி ஒட்டிய பிரதியில் ஊர்ப்பெயரைத் தேடி பாதி மட்டும் கிடைத்தால் காரணம் இதுவாக இருக்கலாம். நாலு வரியில் ஒரு ஸ்கிரிப்ற் எழுதி எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள், பிறகு கதைக்குத் திரும்புங்கள்.

கொம்பனி லப்ரொப்பில் கதை எழுதாதீர்கள். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, ஊழியர் தன் வேலையின் பகுதியாகப் படைப்பதன் பொருளாதார உரிமை, ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லியிருந்தால் ஒழிய, வேலை கொடுப்பவருக்குப் போகும். உங்கள் நாவல் அந்த வேலையின் பகுதி இல்லைதான். ஆனால் சில ஒப்பந்தங்களில் உள்ள வாசகம் அகலமானது, கையெழுத்து வைக்கும் முன் ஆறுதலாக வாசியுங்கள், கதை எழுதும் பழக்கம் உண்டு என்று எழுத்தில் குறிப்பிட்டுக் கேளுங்கள். வேலை மாறும் நாளில் அந்த லப்ரொப்பைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

சரி, அனிமேக்கு வருவோம். பார்ப்பதை எல்லாம் "கதைக்கான ஆராய்ச்சி" என்று கணக்கில் எழுதுவது பெரிய பிழை. "ஒன் பீஸ்" 1999இல் தொடங்கி 1,100 எபிசோடுகளைத் தாண்டிவிட்டது. ஒன்றுக்கு 24 நிமிடம் என்று வைத்தால் 440 மணித்தியாலம், எட்டு மணித்தியால வேலைநாளாகப் பார்த்தால் 55 நாள். பார்க்காதீர்கள் என்று நான் சொல்லவே மாட்டேன். ரசிக்கப் பார்த்ததை ரசிக்கப் பார்த்தது என்றே வையுங்கள், அதற்கு வேறு பெயர் தேவையில்லை. கற்றுக்கொள்ளப் பார்ப்பது வேறு விதம். ஏற்கெனவே பார்த்த ஒரே ஒரு எபிசோடை, பேனையும் பேப்பரும் எடுத்து வைத்துக்கொண்டு, நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். பார்ப்பவர் மனத்தில் முதல் கேள்வி எந்த நிமிடத்தில் விழுகிறது, எதிரி முகம் காட்டும் முன் எத்தனை பேர் அவனைப் பற்றிப் பயந்து பேசுகிறார்கள், சண்டை நடுவில் பழைய நினைவு எங்கே நுழைகிறது, எந்த இடத்தில் வெட்டி அடுத்த வாரத்துக்குத் தள்ளுகிறார்கள். இதற்கு ஒரு மணித்தியாலம் செலவாகும், ஆனால் அடுத்த கதையை எழுதும்போது கை தானாக அங்கே போகும்.

இதற்கு நேர் எதிரான பிழையும் இருக்கிறது. "இந்த வயதிலும் கார்ட்டூனோ?" என்று வீட்டில் கேட்டுக் கேட்டு, இனி இலக்கியம் மட்டும்தான் என்று முடிவெடுத்து, பிடித்ததை எல்லாம் மூடி வைத்துவிட்டு, பிடிக்காத ஒரு தோரணையில் எழுதத் தொடங்குவது. அந்த எழுத்தில் உயிர் இருக்காது. எதை நினைத்தால் உங்களுக்கு இரவில் நித்திரை வராதோ அதைத்தான் எழுத வேண்டும், அது விண்கலமாக இருந்தாலும் பரவாயில்லை.

எனக்கு மிகவும் மனம் நோகும் பிழை இனித்தான் வருகிறது. நல்ல கற்பனை, நல்ல நடை, ஆனால் கதை நடப்பது எழுதியவர் ஒருநாளும் கால் வைக்காத ரோக்கியோவின் பள்ளிக்கூடம் ஒன்றில். பாத்திரங்கள் கதைப்பதும் சப்டைட்டில் தமிழ். "நான் உன்னை ஒருபோதும் மன்னிக்க மாட்டேன்" என்று ஒருத்தி சொல்கிறாள். அதே கோபத்தில் உங்கள் சித்தி என்ன சொல்வா? "இனி என்ரை முகத்திலை முழியாதை" என்பா. இரண்டாவதில் ஆள் தெரிகிறது, வீடு தெரிகிறது, படலை சாத்தும் சத்தம் கூடக் கேட்கிறது.

இடத்துக்கு ஏன் வெளியே போக வேண்டும்? இந்தக் குடாநாட்டில் ஆண்டு முழுக்க ஓடும் ஆறு ஒன்றும் இல்லை. மாரி மழை சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் உவர்நீரின் மேல் நன்னீராகத் தேங்குகிறது, அதைத்தான் எங்கள் கிணறுகள் தொடுகின்றன. அளவுக்கு மேல் இறைத்தால் உவர் மேலேறும். நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீர், ஆழத்தில் உப்புநீர். வேற்றுக்கிரகம் ஒன்றில் தண்ணீருக்காக நடக்கும் சண்டையை இரவிரவாகக் கற்பனை செய்கிறவருக்கு இதைவிட நல்ல நிலம் எங்கே கிடைக்கும்? உலகம் முடிந்த பிறகான கதை வேண்டுமா, குறிகட்டுவானில் படகேறி ஒரு மணித்தியாலம் போங்கள். நெடுந்தீவின் பவளக்கல் வேலிகளையும், பழைய கோட்டையின் இடிபாட்டையும், வெளியில் தன்பாட்டில் மேயும் குதிரைகளையும் பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள்.

காலப்பயணக் கதை எழுதுகிறவர்கள் 1981 மே 31 என்ற தேதியை ஒருதரமாவது யோசித்திருக்க வேண்டும். அந்த இரவு தொடங்கிய எரிப்பில் யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் சுமார் 97,000 நூல்கள், ஓலைச்சுவடிகளும் சேர்ந்து, போய்விட்டன. ஒரு ஆளால் ஒரே ஒரு பெட்டியைத்தான் திரும்பக் கொண்டுவர முடியும் என்றால் எதைத் தெரிவுசெய்வார், எதை விட்டுவிட்டு வருவார், வந்த பிறகு யாரிடம் சொல்வார்? இதை ரோக்கியோவில் இருக்கும் எவராலும் எங்களுக்காக எழுதித் தர முடியாது. பழைய காலத்தின் விளம்பரம், நாடக அறிவித்தல் போன்ற சின்னச் சின்ன விபரங்களுக்கு, 2005இல் தொடங்கிய "நூலகம்" என்ற இணையத்தளத்தில் ஈழத்துப் பத்திரிகைகளும் சஞ்சிகைகளும் இலவசமாகக் கிடக்கின்றன. அங்கே ஒரு பின்னேரம் மினக்கெடுங்கள், இதை ஆராய்ச்சி என்றே சொல்லலாம்.

சொல் எண்ணிக்கையைப் பற்றிக் கொஞ்சம். நவம்பர் மாதத்தில் 50,000 சொல் எழுதும் சவால் 1999இல் அமெரிக்காவில் தொடங்கியது, நடத்திய அமைப்பு 2025இல் மூடுவதாக அறிவித்தாலும் பழக்கம் இன்னும் இருக்கிறது. நாளுக்கு 1,667 சொல் என்ற அந்தக் கணக்கு ஆங்கிலத்துக்கு ஏற்றது. தமிழில் வேற்றுமையும் விகுதியும் சொல்லோடே ஒட்டிவிடும், அதே காட்சி குறைந்த சொற்களில் முடிந்துவிடும், அதைப் பார்த்து நான் பின்தங்கிவிட்டேன் என்று கவலைப்படத் தேவையில்லை. காட்சிகளை எண்ணுங்கள், வாரத்துக்கு ஒரு காட்சி நல்ல வேகம். டெட் சியாங் மென்பொருள் துறையில் தொழில்நுட்ப எழுத்தாளராக வேலை பார்த்தவர், 1990இல் முதல் கதை வெளிவந்தது, இன்றுவரை வந்திருப்பது இரண்டே சிறுகதைத் தொகுப்புகள். அறிவியல் புனைகதை வாசிக்கிறவர்களிடம் அவர் பெயரைச் சொல்லிப் பாருங்கள்.

எழுதி முடிக்காததை உடனே வெளியே போட்டு விருப்பக்குறி எண்ணுவதும் வேண்டாம். பாதிக் கதைக்குக் கிடைக்கும் பாராட்டு மீதிக் கதைக்கான பசியைத் தின்றுவிடும். அதற்குப் பதிலாக ஒரே ஒரு ஆளைப் பிடியுங்கள், அவரும் எழுதுகிறவராக இருந்தால் நல்லது. இரண்டு கிழமைக்கு ஒருமுறை ஒரு சனிக்கிழமை, தேநீர்க் கடையோ நூலக வாசலோ, "எங்கே காட்டு" என்று அவர் கேட்க வேண்டும், நீங்களும் அவரைக் கேட்க வேண்டும். கொண்டுபோக ஒன்றும் இல்லாத நாளிலும் போகத்தான் வேண்டும், போய் வெறுங்கையோடு இருக்க வேண்டும், அடுத்த முறை அது நடக்காது.

கடைசியாக, எழுதுவதற்காக வேலையை விடுவது. "தி மார்ஷியன்" எழுதிய அன்டி வியர் ஒரு புரோகிராமர். வேலை போனபோது கையில் இருந்த பணத்தை வைத்து மூன்று வருடம் முழுநேரமாக எழுதிப் பார்த்தார், புத்தகம் விலைபோகவில்லை, திரும்பவும் கோட் எழுதப் போனார். பேர் வாங்கித் தந்த நாவலை வேலையில் இருந்துகொண்டு, அத்தியாயம் அத்தியாயமாகத் தன் தளத்தில் இலவசமாகப் போட்டுத்தான் எழுதினார். சுஜாதா பாரத் எலெக்ட்ரோனிக்ஸில் பொறியியலாளர், இந்திய வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்தில் அவருக்குப் பங்கு உண்டு. எங்கள் கொக்குவிலில் பிறந்த எழுத்தாளர் அ. முத்துலிங்கம் பட்டயக் கணக்காளர்.

விடத்தான் வேண்டும் என்று தோன்றினால் முதலில் லீவைப் பாவித்துப் பாருங்கள். கடை, காரியாலய ஊழியர் சட்டத்துக்குள் வருகிறவர்களுக்கு இரண்டாம் வருடத்திலிருந்து 14 நாள் வருடாந்த விடுமுறை உண்டு. அதில் ஐந்து நாளைச் சேர்த்து எடுத்து, கொழும்புக்குப் போகாமல், புது சீரியல் எதையும் தொடங்காமல், ஒரு சிறுகதையை முடிக்கப் பாருங்கள். முடிந்தால் அடுத்த வருடம் ஏழு நாள் எடுங்கள். முடியாவிட்டால் எது தடுத்தது என்று அன்றே குறித்து வையுங்கள்: கதை இன்னும் உங்களுக்கே தெரியவில்லையா, பயமா, கைபேசியா. இந்த மூன்றையும் சம்பளம் வந்துகொண்டிருக்கும்போதே சரிசெய்யலாம்.