அம்பாசிடர் பாடியில் துரு: பெயின்ட் அடிக்கும் முன் முடிக்க வேண்டியவை

பழைய அம்பாசிடரை வாங்கியவர் பட்டறைக்கு வந்ததும் முதலில் கலர் சார்ட்டைத்தான் கேட்பார். அதை எடுத்து வைத்துவிட்டு வண்டியைத் தூக்கி அடியைக் காட்டுங்கள். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3 வழியில் வந்த இந்தக் காருக்கு லாரி, ஜீப் போலத் தனிச் சேஸிஸ் கிடையாது. தளம், கதவுக்குக் கீழே ஓடும் சில், தூண்கள், கூரை எல்லாம் சேர்ந்துதான் பாரம் தாங்குகின்றன. சில் அரித்துப்போனால் வண்டி நடுவில் தொய்யும். கதவு சரியாகப் பூட்டாது. பூட்டை மாற்றிப் பயனில்லை.

சோதனைக்கு ஒரு காந்தமும் பழைய ஸ்க்ரூடிரைவரும் போதும். காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிப் பாடி மேல் நகர்த்துங்கள். பிடி தளரும் இடத்தில் பட்டி (பள்ளம் நிரப்பப் பூசும் பசை) கனமாக இருக்கிறது. கால்மிதியையும் அதன் கீழுள்ள தார் ஷீட்டையும் உரித்துவிட்டு ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். சில்லின் அடிப்பகுதி, ஜாக்கி வைக்கும் இடம், பின் சக்கர வளைவு, டிக்கியில் ஸ்டெப்னி கிடக்கும் தளம், கதவுகளின் கீழ் ஓரம், ஹெட்லைட்டுக்குப் பின்னால் சேறு தங்கும் மூலை: துரு பெரும்பாலும் இங்கேதான். பின் லீஃப் ஸ்பிரிங்கின் முன்முனை மாட்டியிருக்கும் இடத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். அது பிய்ந்தால் பின் ஆக்ஸிலே இடம் மாறிவிடும்.

வெட்டும் முன் பேட்டரி, ஆல்டர்னேட்டர் கனெக்‌ஷன்களைக் கழற்றுங்கள். வெல்டிங் கரன்ட் ஆல்டர்னேட்டருக்குள் இருக்கும் டயோடுகளைத் தின்றுவிடும். டிக்கி பக்கம் வேலை என்றால் பெட்ரோல் டேங்கை இறக்கி, பட்டறைக்கு வெளியே வையுங்கள். காலி டேங்க் என்று அலட்சியம் வேண்டாம், ஆவிதான் வெடிக்கும். அடியில் பூசிய தாரும் சீக்கிரம் தீப்பிடிக்கும். அதைச் சுரண்டிவிட்டு, தீயணைப்பானுடன் ஒருவர் அருகில் நிற்கட்டும்.

சில் மாற்றுவதில்தான் பட்டறைகள் அதிகம் தவறுகின்றன. ஸ்டாண்டை வண்டியின் நடுவில் கொடுத்துவிட்டு சில்லை வெட்டினால், இரு முனையும் தொய்ந்த நிலையிலேயே புதுத் தகடு உட்கார்ந்துவிடும். பின் ஆக்ஸிலின் கீழும் முன் சஸ்பென்ஷனின் கீழும் ஸ்டாண்ட் கொடுத்து, வண்டியின் எடை அது ஓடும்போது இறங்கும் இடத்திலேயே இறங்கும்படி வையுங்கள். கதவு இடைவெளியை நான்கு பக்கமும் அளந்து சுவரிலோ கண்ணாடியிலோ எழுதிவிடுங்கள். கதவைக் கழற்றி, 25 மி.மீ. சதுரக் குழாயைத் தூணுக்குத் தூண் குறுக்காகப் பற்றவைத்து முட்டுக் கொடுங்கள். இதன் பிறகே வெட்ட வேண்டும், அதுவும் ஒரு பக்கம் மட்டும். அந்தப் பக்கம் முடியும்வரை மறுபக்கத்தைத் தொடாதீர்கள்.

வெளித் தகட்டுக்கு 20 கேஜ் சி.ஆர். (கோல்ட் ரோல்டு) ஷீட், அதாவது சுமார் 0.9 மி.மீ.; சில்லுக்கும் தளத்தின் தாங்கிகளுக்கும் 18 கேஜ், சுமார் 1.2 மி.மீ. கடையில் ரெடிமேட் பேனல் வாங்கினாலும் வெர்னியரில் கனத்தைப் பாருங்கள். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. ஷீட் வேண்டாம். துத்தநாகப் புகை காய்ச்சலைக் கொண்டுவரும், வெல்டிலும் ஓட்டை விழும். துருவுக்கு அப்பால் குறைந்தது 25 மி.மீ. நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டுங்கள்.

கேஸ் வெல்டிங்கை விட 0.8 மி.மீ. வயரோடு எம்.ஐ.ஜி. (வயர் தானாக வரும் மின் வெல்டிங்) நல்லது; சூடு பரவுவது குறைவு. முதலில் 30 மி.மீ.க்கு ஒரு பொட்டு வெல்ட், பிறகு இடத்தை மாற்றி மாற்றி இடைவெளியை நிரப்புங்கள். ஒரே கோடாக இழுத்தால் தகடு அலையடிக்கும். அப்புறம் அதை மறைக்கப் பட்டியைத்தான் தேட வேண்டும். இரண்டு தகடு ஒட்டும் இடத்தில் மேல் தகட்டில் 8 மி.மீ. துளை போட்டு வெல்டால் நிரப்புங்கள். ஒட்டும் முகங்களில் முன்கூட்டியே ஜிங்க் பிரைமர் இருக்கட்டும். பொட்டு வைத்த நிலையில் கதவை மாட்டி, எழுதி வைத்த அளவோடு ஒப்பிட்ட பிறகே முழுசாகப் பற்றவையுங்கள்.

பெயின்ட் வேலையில் அவசரம்தான் எதிரி. பாஸ்பாரிக் அமிலத் துரு நீக்கியைப் பூசினால் நன்றாகக் கழுவிக் காயவிடுங்கள். மிச்ச அமிலத்தின் மேல் எபாக்ஸி பிரைமர் பிடிக்காது. எபாக்ஸி இரண்டு கோட், அதன் மேல் பட்டி, அதுவும் 2 மி.மீ.க்கு மேல் போகாமல். பட்டியில் கலக்கும் ஹார்டனர், பட்டியின் எடையில் சுமார் 2 சதவீதம். சீக்கிரம் காயட்டும் என்று அதிகம் கலந்தால் சில வாரத்தில் பெயின்ட் மேல் மஞ்சள் கறை எழும்பும். பட்டியைத் தண்ணீர் போட்டுத் தேய்க்கவே கூடாது. அது நீரைக் குடித்துக்கொள்ளும், மேலே கொப்புளம் வரும். பி.யு. (பாலியூரிதேன்) பெயின்ட் ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற நச்சுப்பொருள் உண்டு. துணி மாஸ்க் அதற்கு உதவாது, காற்றுக் குழாய் இணைத்த மாஸ்க் வேண்டும்.

கலரை மாற்றினால் ஆர்.சி.யிலும் மாற்ற வேண்டும். எஞ்சின் மாற்றத்துக்கு ஆர்.டி.ஓ. அனுமதி இல்லாமல் இறங்காதீர்கள். 50 வருடம் தாண்டிய வண்டி என்றால் இன்னும் யோசியுங்கள். 2021இல் வந்த விண்டேஜ் பதிவு விதிகள் சேஸிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் செய்த வண்டியை ஏற்பதில்லை. சேஸிஸ் நம்பர் அடித்த தகட்டில் கிரைண்டர் படவே கூடாது.

கடைசியாக, சில்லின் உட்புறம். பெயின்ட் காய்ந்ததும் நீண்ட நாசிலால் உள்ளே கேவிட்டி வாக்ஸ் (துருவைத் தடுக்கும் மெழுகு) அடித்து, அடியிலுள்ள நீர் வடியும் துளைகளில் ஒரு கம்பியை விட்டுத் திறந்துவிடுங்கள். மழைக்காலத்துக்கு முன் ஆண்டுதோறும் அந்தத் துளைகளைப் பார்ப்பது வண்டிக்காரரின் வேலை. டெலிவரியின்போதே அவருக்குக் காட்டிக்கொடுத்துவிடுங்கள்.