துலாவும் பாரந்தூக்கியும்: குடும்பமாகக் கதைப்புத்தகம் செய்யும் முறை

1995 ஒக்டோபரில் போரால் யாழ்ப்பாணத்து வலிகாமத்தை விட்டுத் தென்மராட்சிக்கு நடந்தவர்களும், படகேறித் தமிழ்நாட்டின் மண்டபம் அகதி முகாமுக்குப் போய்ப் பல ஆண்டுகள் கழித்துத் திரும்பியவர்களும் இன்று கொழும்பின் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பேரப்பிள்ளைகளோடு வாழ்கிறார்கள். அவர்களுடைய கதையைப் பிள்ளைகளோடு சேர்ந்து புத்தகமாக்க விரும்பும் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன்.

கதையை இடப்பெயர்விலிருந்து தொடங்க வேண்டாம். "அன்றைக்கு என்ன நடந்தது?" என்ற கேள்வி பெரியவர்களின் வாயை அடைத்துவிடும். "உங்கட வீட்டுப் படலை எப்பிடித் திறக்கும், அப்பம்மா?" என்று பிள்ளை கேட்டால், படலையில் தொடங்கி முற்றம், கிணறு, மாமரம் என்று கதை தானாகவே நடக்கும். சொல்பவர் ஓரிடத்தில் மௌனமானால் அன்றைக்கு அங்கேயே நிறுத்திவிடுங்கள். வற்புறுத்திப் பெறும் கதை பிள்ளைக்கும் பாரமாகும்.

சொல்லைக் கேட்டவுடனே பிள்ளை வரையட்டும். கொழும்பிலேயே பிறந்த ஒரு சிறுமி, துலா (கிணற்றில் நீர் இறைக்க ஏறி இறங்கும் நீண்ட மரம்) என்றால் தண்ணீரைத் தூக்குவது என்று கேட்டதும், தான் அறிந்த துறைமுகப் பாரந்தூக்கியைக் கிணற்றருகே வரைந்தாள். அப்பம்மா கோபிக்கவில்லை, ஒரு விளக்குமாற்றுக் கட்டையைக் கதிரை முதுகில் குறுக்காக வைத்து, ஒரு முனையைத் தாழ்த்தி மறுமுனை எழுவதைக் காட்டினார். சிறுமி இரண்டாவது படத்தையும் வரைந்தாள். இரண்டையும் எதிரெதிர்ப் பக்கங்களில் வைக்கச் சொன்னேன், ஏனெனில் கதை கைமாறிய இடம் அதுதான். ஆகவே பிழையான படத்தை அழிக்காதீர்கள். சொல்பவரின் பேச்சுவழக்கையும் பாடப்புத்தகத் தமிழுக்கு மாற்றாதீர்கள்.

நான்கு ஏ4 தாள்களைக் குறுக்கே மடித்து ஒன்றினுள் ஒன்று செருகினால் 16 பக்கங்கள் கிடைக்கும். எழுதுமுன் பக்க எண்களைப் பென்சிலால் மூலையில் குறித்துக்கொள்ளுங்கள்; இல்லாவிட்டால் தாள்களைப் பிரித்து வரையும்போது வரிசை குழம்பும். அட்டைக்கு பிரிஸ்டல் போர்ட் போதும். மடிப்பில் மூன்று துளைகள் இட்டு, ஊசியை உள்ளிருந்து நடுத்துளையால் வெளியே எடுத்து, மேல்துளையால் உள்ளே செலுத்தி, கீழ்த்துளையால் வெளியே கொண்டுவந்து, மீண்டும் நடுத்துளையால் உள்ளே இழுத்து, நூலின் இரு நுனிகளையும் முடிச்சிடுங்கள். துளையிடும் வேலையைப் பெரியவர்களே செய்வது நல்லது.

கிளிநொச்சியிலோ கனடாவிலோ உள்ள உறவினருக்கும் ஒரு பிரதி வேண்டுமென்றால், தைப்பதற்கு முன்பே தாள்களை ஃபோட்டோகொப்பி எடுத்துவிடுங்கள். பென்சில் கோடுகள் மங்கலாக விழும் என்பதால், அதற்கு முதல்நாள் பிள்ளையையே கறுப்புப் பேனையால் அவற்றின்மேல் வரையச் செய்யுங்கள்.