வீட்டு வாசல்லயே வீல் அலைன்மெண்ட் அளக்கறது எப்படி: நூலும் ஸ்கேலும் ரசமட்டமும் போதும்

டயர் கடையில அலைன்மெண்ட் பண்ணா கையில ஒரு பிரிண்ட் அவுட் குடுப்பாங்க, பச்சை செவப்புன்னு கட்டம் கட்டமா நம்பர் இருக்கும், நாமளும் புரிஞ்ச மாதிரி தலையாட்டிட்டு மடிச்சு டேஷ்போர்டுல போட்டுட்டு வந்துருவோம். அந்த நம்பர் நெசமான்னு வீட்லயே அளந்து பாக்கலாம். பெரிய செலவு கிடையாது, ஒரு ஞாயித்துக்கிழமை காலையும் கொஞ்சம் பொறுமையும் இருந்தா போதும். 3டி மெஷின் வர்றதுக்கு முன்னாடி மெக்கானிக்குங்க இப்படித்தான் நூல் கட்டி பாத்தாங்க, இன்னைக்கும் ரேஸ் டீமுங்க டிராக்ல போய் இறங்குன உடனே நூல்தான் கட்டுறாங்க.

பாக்க வேண்டியது மூணு கோணம். காரை மேல இருந்து பாத்தா முன் வீல் ரெண்டும் உள்பக்கம் திரும்பியிருக்கா வெளிப்பக்கம் திரும்பியிருக்கா, அது டோ. முன்னாடி நின்னு பாத்தா வீலோட தலை உள்ள சாஞ்சிருக்கா வெளிய சாஞ்சிருக்கா, அது கேம்பர், உள்ள சாஞ்சா நெகட்டிவ். பக்கத்துல இருந்து பாத்தா ஸ்டியரிங் திரும்புற அச்சோட தலை பின்பக்கம் எவ்வளவு சாஞ்சிருக்கு, அது கேஸ்டர், சைக்கிள் ஃபோர்க் சாஞ்சிருக்குமே அதே சமாச்சாரம். மூணுல டயரை வேகமா தின்றது டோதான். அதுவும் இல்லாம ஆல்டோ, வேகன் ஆர், ஸ்விஃப்ட் மாதிரி சின்ன கார்ல சாதாரணமா கடையில திருப்பி வைக்க முடியிறதும் முன்பக்க டோ ஒண்ணுதான், மத்ததெல்லாம் ஃபேக்டரில வச்ச படியே இருக்கும், மாறியிருந்தா ஏதோ வளைஞ்சிருக்கு இல்ல தேஞ்சிருக்குன்னு அர்த்தம். அதனால டோவை அரை எம்எம் சுத்தமா அளங்க, கேம்பரை ஓரளவு சரியா அளங்க, கேஸ்டர்ல இடது வலது வித்தியாசம் தெரிஞ்சா போதும், இதான் என் கணக்கு.

முதல்ல தரை. நம்ம ஊர் கார் ஷெட்டு போர்ட்டிகோ எல்லாத்துலயும் கொத்தனார் தண்ணி ஓட வாட்டம் குடுத்துதான் தளம் போட்டிருப்பாரு, கண்ணுக்கு மட்டமா தெரியும், ஆனா இருக்காது. டோவுக்கு இது பெருசா பாதிக்காது, கேம்பருக்கு நல்லாவே பாதிக்கும். இடது வீலுக்கும் வலது வீலுக்கும் தரையில 5 எம்எம் ஏத்த இறக்கம் இருந்தா கேம்பர் ரீடிங்ல 0.2 டிகிரி பொய் வந்துரும். கொத்தனாருங்க வச்சிருக்கற டியூப் லெவல் இருக்குல்ல, அதே மாதிரி ஒரு பத்து மீட்டர் உள்ள தெரியிற பிளாஸ்டிக் டியூப்ல தண்ணி ரொப்பி, காத்துக்குமிழ் இல்லாம பாத்துகிட்டு, நாலு வீல் நிக்கிற எடத்தையும் ஒப்பிட்டு சாக்பீஸ்ல எழுதிக்கங்க. தாழ்ந்த எடத்துல மிச்சம் கிடக்கற டைல்ஸ் துண்டு, பிளைவுட்டு, ஃப்ளோர் மேட் துண்டு எதையாவது வச்சு மட்டத்துக்கு கொண்டு வாங்க. ஒரு தடவை பண்ணி எடத்தை பெயிண்ட்ல மார்க் பண்ணி வச்சுட்டா அடுத்த தடவை இந்த வேலை மிச்சம்.

அடுத்தது ஆட்டம் பாக்கறது. இதை விட்டுட்டு அளந்தா அளந்ததே வேஸ்ட். ஜாக்கி போட்டு முன் வீலை தூக்கி, மறக்காம ஸ்டாண்டும் வச்சு, மத்த வீலுக்கு கல்லு வச்சு, வீலை மேலயும் கீழயும் புடிச்சு ஆட்டுங்க, லொடலொடன்னா பேரிங் இல்ல லோயர் ஆர்ம் (வீலை கீழ இருந்து புடிச்சிருக்கற கை) பால் ஜாயிண்ட். இடது வலதா புடிச்சு ஆட்டும்போது ஆடுனா டை ராடு (ஸ்டியரிங் ராக்கையும் வீலையும் இணைக்கற கம்பி) எண்ட், இல்லன்னா ஸ்டியரிங் ராக் (ஸ்டியரிங்கை திருப்புனா இடது வலதா நகர்ற தண்டு). ஆட்டம் இருக்கற வண்டிக்கு எந்த மெஷின்ல வச்சு அலைன்மெண்ட் பண்ணாலும் அடுத்த ஸ்பீடு பிரேக்கர்ல அது போயிரும், முதல்ல பார்ட்டை மாத்துங்க, அப்புறம் அளங்க.

காத்து கம்பெனி சொன்ன அளவுல இருக்கணும், டிக்கில அரிசி மூட்டை எதுவும் இருக்கக் கூடாது. ஜாக்கில இருந்து எறக்குன உடனே அளக்காதீங்க, எறக்குன வேகத்துல டயர் தரையை கவ்விகிட்டு வீல் ஒரு மாதிரி சாஞ்சு நிக்கும். பானெட்டை நாலு அமுக்கு அமுக்கி, வண்டியை முன்னாடி ஒரு ரெண்டு மூணு மீட்டர் கையாலயே தள்ளி நிறுத்துங்க. கடைசியா நகர்றது முன்பக்கமா நகர்ந்து நிக்கணும், பின்னாடி தள்ளி நிறுத்துனா டோ ரீடிங் மாறும். ஸ்டியரிங்கை நேரா வச்சு சீட்டோட கயிறு போட்டு கட்டிருங்க.

இப்ப நூல் கட்டறது. நிறைய பேர் கார் பாடியை ஒட்டி நூல் புடிப்பாங்க, இல்லனா பின் டயர்ல நூலை ஒட்டி முன்னாடி இழுப்பாங்க. ரெண்டுமே எனக்கு ஒப்பாது, ஏன்னா நெறைய கார்ல முன் வீல் அகலமும் பின் வீல் அகலமும் ஒண்ணா இருக்காது, பாடியும் நேரா இருக்கும்னு சொல்ல முடியாது. நல்ல வழி இது: ஒரே நீளத்துல ரெண்டு அலுமினியம் சதுர பைப்பு, தலா 2 மீட்டர், கர்ட்டன் ராடு கூட ஓகே, பிவிசி வேணாம் வளையும். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஒரே எடத்துல ஆக்சா பிளேடால காடி வெட்டுங்க, ஒரு ஓரத்துல ஒண்ணு மறு ஓரத்துல ஒண்ணு, ரெண்டு பைப்லயும் காடிக்கு காடி தூரம் துல்லியமா ஒண்ணா இருக்கணும். ஒரு பைப்பு கார் முன்னாடி, இன்னொண்ணு பின்னாடி, மணல் ரொப்புன பெயிண்ட் டப்பா மேல வீல் ஹப் (வீலோட நடு மையம்) உயரத்துக்கு வச்சு, காடில தூண்டில் நரம்பை போட்டு நுனியில போல்ட்டு நட்டு ஏதாவது கனமா தொங்க விடுங்க. தொங்குற கனம் நரம்பை விறைப்பா வச்சுக்கும். இப்ப காருக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணுக்கொண்ணு இணையா ரெண்டு கோடு கிடைச்சிருச்சு.

இனி அந்த ரெண்டு கோட்டுக்கு நடுவுல காரை கொண்டு வரணும், காரை நகர்த்தி இல்ல, பைப்பை நகர்த்தி. முன் வீல் ஹப் நடுவுல இருந்து நூலுக்கு இடது பக்கம் எவ்வளவோ வலது பக்கமும் அவ்வளவே இருக்கணும். பின் வீலுக்கும் அதே மாதிரி இடது வலது சமம். முன்னாடி அளவும் பின்னாடி அளவும் ஒண்ணா இருக்கணும்னு அவசியமே இல்ல, இங்கதான் பாதி பேர் குழம்பிப் போறாங்க. முன் பைப்பை நகர்த்துனா பின்னாடி அளவும் லேசா மாறும், அதனால மாத்தி மாத்தி நாலஞ்சு தடவை தட்டித் தட்டி கொண்டு வரணும், எரிச்சலாதான் இருக்கும், ஆனா அளவோட தரம் முழுக்க இந்த ஒரு வேலைலதான் இருக்கு, அவசரப்படாதீங்க. இதுக்கப்புறம் நூலை தொடாதீங்க, கொழந்தைங்களையும் நாயையும் வீட்டுக்குள்ள அனுப்பிருங்க.

இப்ப அளவு. ஸ்டீல் ஸ்கேலை படுக்கையா புடிச்சு, ரிம்மோட முன் விளிம்புல இருந்து நூல் வரைக்கும் ஒரு அளவு, அதே ரிம்மோட பின் விளிம்புல இருந்து ஒரு அளவு. ஆசாரி கணக்குல ஒரு நூல்னா 3 எம்எம் சொச்சம், இங்க அதெல்லாம் மலை மாதிரி பெரிய அளவு, நமக்கு அரை எம்எம் தெரியணும். டயர் ரப்பர்ல வச்சு அளக்காதீங்க, எழுத்து புடைச்சுகிட்டு இருக்கும், ரிம்லயே வைங்க. உதாரணத்துக்கு இடது வீல்ல முன்னாடி 62, பின்னாடி 61 வந்தா முன் விளிம்பு நூலை விட்டு தள்ளி உள்ள போயிருக்கு, அதாவது 1 எம்எம் டோ இன். முன்னாடி கம்மியா வந்தா டோ அவுட். வலதுக்கும் பாத்து ரெண்டையும் கூட்டுனா மொத்த டோ.

இதை டிகிரில மாத்தணும்னா வித்தியாசத்தை ரிம் விளிம்போட விட்டத்தால வகுத்து 57.3ஆல பெருக்குங்க. 14 இன்ச் ரிம்முக்கு விளிம்புக்கு விளிம்பு அளந்தா 390 எம்எம் பக்கம் வரும், அப்ப 1 எம்எம்னா 0.15 டிகிரி, மினிட்ல (60 மினிட் ஒரு டிகிரி) சொன்னா 9 மினிட். சின்னதா தெரியுதுல்ல, ஆனா கணக்குப்படி அந்த வீல் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ரெண்டரை மீட்டர் பக்கவாட்டுல தேய்ச்சுகிட்டே போகுது. இன்னொண்ணு, பிரிண்ட் அவுட்ல 0.10 டிகிரின்னு இருந்தா அது 6 மினிட், 0 டிகிரி 10 மினிட்னு இருந்தா அது 0.17 டிகிரி, ரெண்டும் வேற வேற, ஒப்பிடும்போது எந்த கணக்குன்னு பாத்துக்கங்க. மேனுவல்ல எம்எம்ல போட்டிருந்தாலும் அது ரிம் விட்டத்துக்கா டயர் விட்டத்துக்கான்னு பாத்துதான் ஒப்பிடணும்.

நம்ம ரோட்டு பள்ளத்துல விழுந்து விழுந்து ரிம்மே நெளிஞ்சிருக்கலாம், அப்ப டோ சரியா இருந்தாலும் அளவு தப்பா காட்டும். அதுக்கு வண்டியை வீல் அரை சுத்து சுத்துற அளவுக்கு முன்னாடி தள்ளி திரும்ப அளந்து ரெண்டோட சராசரி எடுங்க. ஆமா, வண்டி நகர்ந்ததால நூலை திரும்ப செட் பண்ணணும், வேற வழி இல்ல.

பின் வீலையும் அளங்க, அட்ஜஸ்ட் பண்ண முடியாதேன்னு விட்ராதீங்க. பின் வீல் ரெண்டும் சேந்து ஒரு பக்கமா பாத்துகிட்டு இருந்தா வண்டி லேசா நண்டு நடை நடக்கும், நேரா போக நீங்க ஸ்டியரிங்கை கோணலா புடிக்க வேண்டி வரும். முன் டோ பக்காவா இருந்தும் ஸ்டியரிங் நேரா நிக்கலன்னா காரணம் பின்னாடி இருக்கான்னு பாக்கணும். செகண்ட் ஹேண்ட் கார் வாங்குறவங்களுக்கு இந்த ஒரு அளவு ரொம்ப உபயோகம், பின்னாடி அடி வாங்குன வண்டி இதுல மாட்டிக்கும்.

கேம்பர் ஈஸி. தூக்குக்குண்டை ஃபெண்டர்ல இருந்து ரிம்மை ஒட்டி தொங்க விட்டு, ரிம்மோட மேல் விளிம்புக்கும் நூலுக்கும் எவ்வளவு, கீழ் விளிம்புக்கும் நூலுக்கும் எவ்வளவுன்னு பாருங்க. மேல தூரம் ஜாஸ்தின்னா தலை உள்ள சாஞ்சிருக்கு, நெகட்டிவ். 14 இன்ச் ரிம்ல 6.8 எம்எம் வித்தியாசம் ஒரு டிகிரி. போன்ல லெவல் ஆப் வச்சும் பாக்கலாம், ஆனா கேமரா புடைப்பு இடிக்காம நேரான ஒரு அலுமினிய பட்டையை ரிம்ல நிமுத்தி வச்சு அதுல போனை ஒட்டி பாருங்க. ரசமட்டம் போன் எல்லாத்துலயும் அதுக்குன்னே ஒரு பிழை இருக்கும், ஒரு சுவத்துல வச்சு பாத்துட்டு திருப்பி வச்சு பாத்தா எவ்வளவு பொய் சொல்லுதுன்னு தெரிஞ்சுரும், அதை கழிச்சுக்கங்க. இடதுக்கும் வலதுக்கும் அரை டிகிரிக்கு மேல வித்தியாசம் வந்தா ஸ்ட்ரட்டோ (ஷாக் அப்சார்பர் இருக்கற தூண்) லோயர் ஆர்மோ வளைஞ்சிருக்கான்னு சந்தேகப்படலாம்.

கேஸ்டரை நேரா அளக்க முடியாது, வீலை திருப்பி கேம்பர் எவ்வளவு மாறுதுன்னு பாத்துதான் கண்டுபுடிக்கணும். ரெண்டு முன் வீலுக்கு கீழயும் ரெண்டு ரெண்டு பளபள டைல்ஸ், வழவழப்பான பக்கம் ஒண்ணை ஒண்ணு பாத்த மாதிரி, நடுவுல நல்லா கிரீஸ் தடவி வைங்க, வீல் சுலபமா திரும்பும். டைல்ஸ் உயரத்துக்கு பின் வீலையும் ஏத்தணும். யாரையாவது பிரேக்கை அமுத்திகிட்டு உக்கார சொல்லுங்க. வீலை ரெண்டு பக்கமும் 20 டிகிரி திருப்பி அளக்கணும், அதுக்கு புரொடிராக்டர் தேட வேணாம், வீல் நேரா இருக்கும்போது தரையில அதுக்கு இணையா 600 எம்எம் கோடு போட்டு அதோட நுனியில இருந்து செங்குத்தா 218 எம்எம் தள்ளி புள்ளி வச்சு ஆரம்பத்தோட சேத்தா அதான் 20 டிகிரி. உள்பக்கம் 20, வெளிப்பக்கம் 20 ரெண்டு கோடு போட்டுக்கங்க. உள்வீலும் வெளிவீலும் ஒரே அளவு திரும்பாது, அதனால ஒவ்வொரு வீலுக்கும் தனித்தனியா 20 புடிக்கணும். வெளிப்பக்கம் திருப்பும்போது கேம்பர் +1.2, உள்பக்கம் திருப்பும்போது −1.6ன்னு வச்சுக்கங்க, வித்தியாசம் 2.8, அதை 1.46ஆல பெருக்குனா கேஸ்டர் 4.1 டிகிரி. போன்ல 0.1 டிகிரி தப்பு வந்தா இங்க 0.15 ஆயிரும், அதான் முன்னாடியே சொன்னேன், இடது வலது ஒப்பிட மட்டும் வச்சுக்கங்க.

நம்பர் வந்த பிறகு டயரையும் தடவி பாருங்க. ட்ரெட்டை (டயர்ல ரோட்டுல படற பகுதி) குறுக்கா உள்பக்கமா தடவுனா வழவழன்னும் வெளிப்பக்கமா தடவுனா கையில ரம்பம் மாதிரி குத்துறதும் டோ இன், உல்டாவா இருந்தா டோ அவுட். குத்தலே இல்லாம உள் ஓரம் மட்டும் மொழுக்கட்டையா இருந்தா நெகட்டிவ் கேம்பர் ஜாஸ்தி. வண்டி இடது பக்கம் இழுக்குதுன்னு சொல்றவங்க முதல்ல ரோட்டை பாருங்க, நாம இடது பக்கம் போறோம், ரோடு தண்ணி வடிய இடது பக்கம்தான் சரிஞ்சிருக்கும், லேசா இழுக்கறது இயல்பு. மட்டமான ரோட்லயும் இழுத்தா முன் டயர் ரெண்டையும் இடம் மாத்தி போடுங்க, இழுக்கற பக்கமும் மாறுனா குத்தம் டயர் மேல, அலைன்மெண்ட் மேல இல்ல. அப்புறம் 80 தாண்டுனா ஸ்டியரிங் உதறுதுன்னா அது பெரும்பாலும் பேலன்சிங் சமாச்சாரம், அதுக்கு நூல் கட்டி பிரயோஜனம் இல்ல.

டோவை நீங்களே திருப்பணும்னா டை ராடு லாக் நட்டை லூஸ் பண்ணி, ராக் பூட் (ராக் நுனியை மூடியிருக்கற ரப்பர் உறை) கிளிப்பையும் தளர்த்திக்கங்க, இல்லன்னா பூட் முறுக்கிக்கும். ராக் ஆக்சிலுக்கு பின்னாடி இருக்கற வண்டில டை ராடு நீளமானா டோ இன் கூடும், முன்னாடி இருந்தா தலைகீழ். ரெண்டு பக்கமும் சமமா திருப்புங்க, ஒரு பக்கம் மட்டும் திருப்புனா ஸ்டியரிங் கோணிக்கும். கால் சுத்து திருப்பி, வண்டியை தள்ளி, நூலை செட் பண்ணி, திரும்ப அளங்க. லாக் நட்டை இறுக்கும்போதும் டோ அரை எம்எம் ஓடிரும், அதனால கடைசி அளவு நட்டை இறுக்குனதுக்கு அப்புறம்தான்.