ஆய்வுரை கேட்கப் போகும்போது ஓர் உதாரணத்தோடு போங்கள்

கணிதத் துறையில் ஆய்வுரை கேட்கப் போகும் முன் சுருக்கத்தைப் படித்து, அதில் வரும் பொருளுக்கு ஒரு சின்ன உதாரணத்தை நோட்டின் மேல் ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள். பேச்சாளர் ஒவ்வொரு வரையறை சொல்லும்போதும் அதை அந்த உதாரணத்தில் போட்டுப் பாருங்கள்.

தலைப்பு குலங்களைப் (groups: சில விதிகளுக்கு உட்பட்ட ஒரு செயலோடு கூடிய கணங்கள்) பற்றியது என்றால், மூன்று பொருள்களின் வரிசைமாற்றக் குலம் போதும். 6 உறுப்புகள்தான், ஆனால் பரிமாற்று விதிக்கு (வரிசையை மாற்றினாலும் விடை மாறாது என்ற விதிக்கு) கட்டுப்படாத குலங்களிலேயே மிகச் சிறியது அதுதான். கோட்டுருவியல் (புள்ளிகளையும் அவற்றை இணைக்கும் கோடுகளையும் ஆராயும் துறை) என்றால் 10 முனைகளும் 15 விளிம்புகளும் கொண்ட பீட்டர்சன் கோட்டுரு. நம்பத் தோன்றும் பல ஊகங்களை உடைத்த பொல்லாத கோட்டுரு அது.

பொதுவான வரையறை நான்காவது ஸ்லைடு வருவதற்குள் மறந்துவிடும். கையில் இருக்கும் உதாரணம் மறக்காது. எந்த நிபந்தனை உண்மையில் வேலை செய்கிறது என்பதும் அதில்தான் தெரியும். ரொம்ப எளிய உதாரணம் மட்டும் வேண்டாம். பரிமாற்றுக் குலத்தை எடுத்தால் பாதித் தேற்றங்கள் சும்மாவே உண்மையாகிவிடும், ஒன்றும் புரியாது. கடைசியில் கேள்வி கேட்கவும் இது உதவும்: “இந்தக் குலத்துக்கு உங்கள் தேற்றம் என்ன சொல்கிறது?” என்று தயங்காமல் கேட்கலாம்.

“போதுமான அளவு பெரிய எண்களுக்கு” என்று தொடங்கும் முடிவுகளுக்கு இது ஒத்துவராது. அங்கே சின்ன உதாரணம் தவறான வழியைக் காட்டும். முடிவிலாப் பரிமாண வெளிகளிலும் அப்படித்தான், இருபரிமாணத் தளத்தை வைத்துப் பார்த்தால் சிக்கலே கண்ணில் படாது.