டெனாலிக்கு முதல் பயணம்: பேருந்துச் சீட்டிலிருந்து தொடங்குங்கள்

அலாஸ்காவின் டெனாலி தேசியப் பூங்காவுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் டெனாலி மலையை மனத்தில் வைத்துத்தான் திட்டம் போடுகிறார்கள். 6,190 மீட்டர் உயரம், வட அமெரிக்காவின் மிக உயர்ந்த சிகரம். ஆனால் கோடையில் அது பெரும்பாலும் மேகத்துக்குள்தான் இருக்கும்; வருகிறவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கே கண்ணில் படுகிறது. அதனால் விலங்குகளுக்காகத் திட்டமிடுங்கள். மலை தெரிந்தால் லாபம். (ஆந்திரத்துத் தெனாலிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அலாஸ்காவின் பழங்குடி மொழியொன்றில் ‘உயரமானது’ என்று பொருள்.)

படி 1: மாதம். பேருந்துகள் மே 20 வாக்கில் தொடங்கி செப்டம்பர் நடுவில் நின்றுவிடும். ஜூனில் பகல் 20 மணி நேரத்துக்கும் மேல் நீளும். ஆனால் ஜூன், ஜூலையில் கொசு பிய்த்தெடுத்துவிடும். ஆகஸ்ட் கடைசி வாரம்தான் எங்கள் தேர்வு. செடிகள் நிறம் மாறித் தரையெல்லாம் சிவந்திருக்கும், கொசு குறைந்திருக்கும், இரவு இருட்டத் தொடங்குவதால் வடதுருவ ஒளிக்கும் வாய்ப்பு உண்டு.

படி 2: பேருந்துச் சீட்டு. பூங்காவுக்குள் ஒரே சாலை, 92 மைல். சொந்தக் காரில் 15-வது மைலில் உள்ள சாவேஜ் ஆறு வரைதான் போகலாம். அதற்கு மேல் பேருந்துதான். காரில் 15 மைல் போய், ஒன்றையும் காணோமே என்று திரும்புவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு.

பேருந்து இரண்டு வகை. வழிகாட்டியோடு போகும் சுற்றுலாப் பேருந்தில் ஏறிய வண்டியிலேயே திரும்ப வேண்டும். டிரான்சிட் பேருந்து விலை குறைவு. வழியில் இறங்கி நடந்துவிட்டு, அடுத்து வரும் டிரான்சிட்டில் இடமிருந்தால் ஏறிக்கொள்ளலாம். நடக்க விருப்பமிருந்தால் இதுவே நல்லது. இரண்டிலும் விலங்கு தென்பட்டால் ‘ஸ்டாப்’ என்று குரல் கொடுங்கள், ஓட்டுநர் நிறுத்துவார். நின்றபின் குரலைத் தாழ்த்துங்கள், கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டாதீர்கள்.

45-வது மைல் அருகே ப்ரெட்டி ராக்ஸ் என்ற இடத்தில், நிலத்தடி உறைபனி உருகிச் சாலையே சரிந்து இறங்குகிறது. 2021 ஆகஸ்டில் பாதை மூடப்பட்டு, பேருந்துகள் 43-வது மைலில் திரும்பின. பாலம் கட்டும் வேலை நடக்கிறது. பழைய பயணக் குறிப்புகளில் வரும், அந்த இடத்துக்கு அப்பாலுள்ள ஐல்சன் பார்வையாளர் மையம், வொண்டர் ஏரி ஆகியவற்றை நம்பித் திட்டம் போடாமல், பூங்காவின் இணையதளத்தில் அந்த ஆண்டு நிலவரத்தைப் பார்த்துவிட்டுப் பதியுங்கள்.

படி 3: போய்ச் சேருதல். ஆங்கரேஜிலிருந்து பார்க்ஸ் நெடுஞ்சாலையில் 240 மைல், நாலைந்து மணி நேரம். ஃபேர்பேங்க்ஸிலிருந்து 120 மைல்தான். ரயிலும் உண்டு. குறைந்தது இரண்டு இரவு தங்குங்கள்.

படி 4: பை. நுழைவாயில் பகுதியைத் தாண்டினால் சாலையில் சாப்பாட்டுக் கடை கிடையாது, சில மைலில் போன் சிக்னலும் போய்விடும். முழு நாளுக்கான உணவும் ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீரும் கையில் இருக்கட்டும். தெர்மல், ஃப்ளீஸ், மழை ஜாக்கெட் என்று அடுக்கடுக்காக உடுத்துங்கள். ஜூலையிலும் பனி விழலாம். பருத்தி நனைந்தால் காயாது, குளிர் உடம்பில் ஏறும். எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டும் 8x42 பைனாகுலர் கட்டாயம்: அது இல்லாவிட்டால் கரடி என்பது தூரத்தில் ஒரு பழுப்புப் புள்ளிதான். சிறு குழந்தைக்கான கார் இருக்கையையும் நீங்களே கொண்டுவர வேண்டும்.

படி 5: எங்கே பார்ப்பது. போகும்போது இடப்பக்கம், அதாவது ஓட்டுநர் பக்கம் உட்காருங்கள். மலைத்தொடர் தெற்கே இருக்கிறது. முதல் 15 மைல் காட்டில் மூஸ் மான். இக்லூ பள்ளத்தாக்கின் பாறைச் சரிவில் வெள்ளைப் புள்ளி அசைந்தால் அது டால் எனப்படும் காட்டுச் செம்மறி. சேபிள் கணவாய் கரடிகளின் மேய்ச்சல் நிலம். அங்கே சாலையை விட்டு இறங்கக் கூடாது.

படி 6: இறங்கி நடந்தால். கரடிக்கு 275 மீட்டர், மூஸுக்கு 23 மீட்டர் இடைவெளி விடுங்கள். கரடி எதிர்ப்பட்டால் ஓடாதீர்கள். பேசிக்கொண்டே மெல்லப் பின்வாங்குங்கள். மூஸ் பாய்ந்து வந்தால் மட்டும் ஓடுங்கள், மரத்துக்குப் பின்னால் போங்கள். கரடி ஸ்ப்ரேயை விமானத்தில் கொண்டுவர முடியாது, இங்கேயே வாங்குங்கள். அது உடம்பில் பூசும் கொசு மருந்தல்ல, பாய்ந்து வரும் கரடியை நோக்கி அடிக்கும் மிளகாய்க் காரம்.

இறங்குவதற்கு முன் கடைசிப் பேருந்து அந்த இடத்தை எத்தனை மணிக்குக் கடக்கும் என்று ஓட்டுநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அதற்கு முந்தைய வண்டியிலேயே ஏறப் பாருங்கள். நாலைந்து பேராகப் போனால் எல்லோருக்கும் ஒரே வண்டியில் இடம் கிடைக்காமல் போகலாம்.