வலி நாட்குறிப்பை மின்கருவியில் அமைப்பது: அலாரம் அடிக்காமல் போகும் இடம்

நாள்பட்ட வலி உள்ளவர்களிடம் தினமும் பலமுறை வலியின் அளவைக் கேட்டுப் பதியும் ஆய்வுக்கு நான் கையடக்கக் கருவிகளை அமைத்தேன். அந்த வேலையில் கற்றதை எழுதுகிறேன். நெறிமுறைக் குழுவின் அனுமதியும் ஒப்புதல் படிவமும் கையில் இருக்கின்றன என்றே வைத்துக்கொள்கிறேன்.

காகிதம் போதாதா? 2002இல் ஸ்டோனும் ஷிஃப்மனும் சக ஆய்வாளர்களும் காகித நாட்குறிப்புக்குள் ஒளி உணரி வைத்து, அது எப்போது திறக்கப்படுகிறது என்று பார்த்தார்கள். நேரத்துக்கு எழுதியதாகத் தாளில் இருந்தது 90 சதவீதம். உண்மையில் எழுதியது 11 சதவீதம். மின் நாட்குறிப்பில் 94. நினைவிலிருந்து எழுதிய வலி வேறு, அந்த நேரத்து வலி வேறு. அதனால்தான் நேரத்தை இவ்வளவு வலியுறுத்துகிறேன்.

முதலில் கேள்விகள். "இப்போது வலி எவ்வளவு?" என்று 0 முதல் 10 வரை ஒரு அளவுகோல், ஒரு திரைக்கு ஒரே கேள்வி. இரண்டு நிமிடத்துக்குள் முடிய வேண்டும்.

அடுத்து அலாரம். நாளை நான்கைந்து பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஏதோ ஒரு நேரத்தில் அடிக்கும்படி வையுங்கள். நேரம் முன்பே தெரிந்தால் பதிலும் முன்பே தயாராகிவிடும். 30 நிமிடத்துக்குப் பிறகு கேள்வி பூட்டிக்கொள்ளட்டும். விடுபட்டதை மாலையில் நிரப்ப வழி வைக்காதீர்கள். வெற்றிடம் நேர்மையான தரவு.

நான் தடுக்கி விழுந்தது இங்கேதான். என் மேசையில் ஒழுங்காக அடித்த அலாரம், பங்கேற்பாளர்களிடம் போனதும் பல மணி நேரம் மௌனமானது. அவர்கள் அலட்சியமாக இருக்கிறார்கள் என்றே நினைத்தேன், அது தவறு. கருவியைத் தொடாமல் வைத்தால், பேட்டரியைச் சேமிக்கும் அமைப்பு பின்னணியில் இருக்கும் செயலியைத் தூங்க வைத்துவிடுகிறது. நான் சோதிக்கும்போது திரையைத் தொட்டுக்கொண்டே இருந்ததால் எனக்கு அது தெரியவில்லை. அமைப்புகளில் அந்தச் செயலிக்கு மட்டும் பேட்டரி கட்டுப்பாட்டை நீக்குங்கள். சார்ஜரைக் கழற்றி, ஒரு இரவு முழுக்கத் தொடாமல் வைத்துவிட்டு, மறுநாள் எத்தனை அலாரம் அடித்தது என்று எண்ணுங்கள். அலாரம் அடித்த நேரம், பதில் வந்த நேரம், சர்வருக்குப் போன நேரம் மூன்றும் தனித்தனியாகப் பதிவாகட்டும். அப்போதுதான் தவறியது மனிதரா கருவியா என்று சொல்ல முடியும்.

சொந்தக் கைபேசியா, ஆய்வுக்கென்று தனிக் கருவியா? நான் தனிக் கருவி பக்கம். ஒரே மாடல், ஒரே அமைப்பு, வேறு செயலி கிடையாது. இரண்டைத் தூக்கிச் சுமப்பது பங்கேற்பாளருக்குச் சிரமம்தான், ஆனாலும் என் முடிவு மாறவில்லை.

பின்சேர்க்கை: வண்டி ஓட்டும்போது அடித்தால் என்ன செய்வது என்று கேட்டிருந்தார்கள். முக்கியமான கேள்வி. "தள்ளிவை" பொத்தான் ஒன்று வையுங்கள், ஓட்டும்போது தொடவே வேண்டாம் என்று பயிற்சியிலேயே சொல்லிவிடுங்கள். இரவுப்பணி செய்பவர்களுக்கு விழிக்கும் நேரத்தைக் கேட்டு, அதிலிருந்து அலாரம் கணக்கிடுங்கள். அவர்களுக்கு நாள் நள்ளிரவில் மாறுவதில்லை. அதனால் பதிவுகளைத் தேதி வாரியாகப் பிரிக்காமல் ஒரு தூக்கத்துக்கும் அடுத்த தூக்கத்துக்கும் இடையில் வருபவற்றை ஒரே நாளாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.