நகைப் பதிவேடு: எதை எழுதுவது, எப்படி எழுதுவது

“தங்கச் சங்கிலி, 1” என்று எழுதி வைத்தால் அது பதிவு ஆகாது. அதே மாதிரியில் செய்த சங்கிலி ஆயிரம் பேரிடம் இருக்கும். தொலைந்தது திரும்பக் கிடைக்கும்போது இது என்னுடையதுதான் என்று காட்ட, அந்த ஒரு நகைக்கு மட்டுமே உரிய ஏதாவது ஒன்று பதிவில் இருக்க வேண்டும். திருடுபோன கலைப்பொருள்களை அடையாளம் காண 1997இல் வெளியான ‘ஆப்ஜெக்ட் ஐடி’ என்ற சர்வதேச முறையிலும் தனி அடையாளங்களுக்கென்றே ஒரு தலைப்பு உண்டு. நெளிந்த கண்ணி, மாற்றிப் போட்ட கொக்கி, பற்றவைத்த தழும்பு எல்லாம் அதில் சேரும். பார்வைக்குக் குறையாகத் தெரிவதுதான் பதிவில் அதிகம் உதவும்.

வேண்டிய பொருள்கள் கொஞ்சம்தான்: 0.01 கிராம் வரை காட்டும் தராசு, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், மில்லிமீட்டர் அளவுகோல், பதிவு எண்ணை எழுதி நகையில் கட்ட, நூல் கட்டிய காகிதச் சீட்டுகள். சீட்டை ரப்பர் பேண்டால் கட்டாதீர்கள். ரப்பரில் உள்ள கந்தகம் பட்டால் வெள்ளி கறுத்துவிடும்.

எடை போடும் முன் நகையைத் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். கல்லின் பின்பக்கம் சேர்ந்த அழுக்கும் ஈரமும் எடையில் ஏறும். தராசைச் சமதளத்தில் வைத்து மின்விசிறியை நிறுத்துங்கள். காற்று பட்டால் கடைசி இலக்கம் நிற்காமல் ஆடும். மொத்த எடை, கல் எடை, கல்லைக் கழித்த நிகர எடை மூன்றையும் தனித்தனியாக எழுதுங்கள். கல் எடையைக் கேரட்டில் சொல்வார்கள்; ஒரு கேரட் 0.2 கிராம். அரக்கு நிரப்பிய நகையாக இருந்தால் அதையும் குறித்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் மொத்த எடை முழுவதையும் பொன் என்று எண்ணி ஏமாந்துபோவோம்.

முத்திரையை லென்ஸில் பார்த்து, உள்ளது உள்ளபடி எழுதுங்கள். 916 என்றால் 22 கேரட் தங்கம், 750 என்றால் 18, 585 என்றால் 14. இங்கே கேரட் என்பது எடை அல்ல, தங்கத்தின் தூய்மை. வெள்ளியில் பெரும்பாலும் 925 இருக்கும். முத்திரை இல்லாத நகைக்கு ஊகித்து எண் போட வேண்டாம். “முத்திரை இல்லை” என்பதே சரியான பதிவு.

ஒரு பதிவு இப்படி அமையலாம்:

எண் 017. தோடு, ஒரு ஜோடி, 750 தங்கம். 017அ 3.42 கிராம், 017ஆ 3.38 கிராம், திருகாணியோடு. ஒவ்வொன்றிலும் ஏழு வைரம். சான்றிதழ்படி ஜோடிக்கு 1.40 கேரட், அதாவது 0.28 கிராம். நிகர எடை 6.52. விட்டம் 11 மி.மீ. 017ஆ: நடுக்கல்லைப் பிடிக்கும் கம்பிகளில் ஒன்று தேய்ந்திருக்கிறது; திருகாணி மாற்றியது, அதில் முத்திரை இல்லை.

ஜோடியைச் சேர்த்து மட்டும் எடை போட்டிருந்தால், ஒன்று தொலைந்தபின் தொலைந்தது எது என்று சொல்ல முடியாது.

முத்து மாலைக்கு எடையைவிட முத்துகளின் எண்ணிக்கை, மிகச் சிறியதன் விட்டம், மிகப் பெரியதன் விட்டம், கடைசியாக நூல் மாற்றிய தேதி ஆகியவை முக்கியம். மோதிரத்துக்கு உள்விட்டம். சங்கிலிக்குக் கொக்கியையும் சேர்த்த நீளம்.

படத்தை ஜன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், பளபளப்பில்லாத சாம்பல்நிற அட்டைமேல் வைத்து எடுங்கள். ஃபிளாஷ் போட்டால் பொன் வெளுத்து, முத்திரை மறைந்துவிடும். முன்பக்கம், பின்பக்கம், கொக்கி, முத்திரை, தனி அடையாளம் என்று குறைந்தது ஐந்து படங்கள். ஒன்றிலாவது அளவுகோல் பக்கத்தில் இருக்கட்டும். படத்தின் பெயர் 017-1, 017-2 என்று பதிவு எண்ணோடு பொருந்த வேண்டும். ரசீதையும் அன்றே படம் எடுத்துவிடுங்கள். வெப்பத்தாளில் அச்சடித்த எழுத்து நாளடைவில் மங்கி, வெறும் தாள்தான் மிஞ்சும்.

பலரும் கோட்டைவிடுவது பழுதுபார்க்கக் கொடுக்கும்போதுதான். கொடுக்கும் முன் ஒருமுறை, வாங்கியதும் ஒருமுறை எடை போட்டுத் தேதியோடு எழுதுங்கள். மெருகு போட்டால் எடை சற்றுக் குறையும், பற்றவைத்தால் கூடலாம். காரணம் தெரியாத வித்தியாசம் இருந்தால் அங்கேயே கேட்டுவிடுங்கள். இரவல் கொடுத்த நகைக்கும் ஒரு வரி வேண்டும்: யாரிடம், எந்தத் தேதியில்.

பதிவேட்டின் ஒரு பிரதியாவது நகை இருக்கும் பெட்டிக்கு வெளியே, வேறிடத்தில் இருக்கட்டும். படங்களை யாருக்காவது அனுப்பும் முன் அவற்றில் பதிந்திருக்கும் இடத்தகவலை நீக்குங்கள். விற்ற நகையின் பதிவை அழிக்காமல், “விற்றது” என்று தேதி போட்டு விடுங்கள். அந்த எண்ணை வேறு நகைக்குத் தர வேண்டாம்.